புதன்கிழமை பீடிக் கட்டுகளைச் சாயங்காலம் வாங்குங்கள்

முக்கூடல், கடையம், வீரவநல்லூர் பக்கத்துப் பீடிக் கடை ஏஜெண்டுமாருக்கும் கணக்குப்பிள்ளைமாருக்கும்,

அண்ணாச்சிமாரே, இது கூலிச் சண்டை இல்லை. சரியில்லை என்று நீங்கள் தள்ளுகிற பீடிக் கழிவு பற்றியும் பேச வரவில்லை. அதை ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது. புதன்கிழமை காலை பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள் புதன். நர்சம்மா ஐஸ் பெட்டியோடு காலையிலேயே வந்துவிடுவார். எங்கள் தெருக் கடையில் பீடி வாங்குவதும் அதே நேரம்தான். வரிசையில் நின்று, கட்டு எண்ணி, கழிவு தள்ளி, வீட்டில் சுற்றுவதற்குப் பீடி இலையும் புகையிலைத் தூளும் வாங்கிவந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மணி ஒன்று தாண்டிவிடும். 9 மாதத்தில் போடுகிற தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வருவது. கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒன்பதுக்குக் கரைத்தது ஒன்றுக்குக் குப்பை. “அடுத்த புதன் வாம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். (ஒரு பிள்ளைக்காகப் புதுக் குப்பி திறந்தால் என்ன என்பது அவர்களிடம் கேட்க வேண்டியது. அது வேறு மடல்.) அடுத்த புதனும் கடை உண்டே.

இன்னொன்று. 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுகிற ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலடிக்கலாம். இடுப்பை விட்டு இறங்காது. சுளகும் கத்தரியும் மூலையில் கிடக்கும். ஆயிரம் சுற்றுகிறவள் முந்நூறு சுற்றினால் பெரிது. “பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கு” என்றவளிடம் “அப்ப நாளைக்கு இலை கிடையாது” என்று ஒரு கடையில் சொன்னதை என் காதால் கேட்டேன். அவள் அடுத்த தவணைக்குப் போகவில்லை.

எனக்கு மூத்தவன் மணல்வாரியில், அதாவது தட்டம்மையில் போனவன். வேப்பிலை போட்டு அம்மா காத்துக் கிடந்தாள். அம்மை இறங்கியது, பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. 1985-இல் அரசு அந்த ஊசியை எல்லாருக்குமான திட்டத்தில் கொண்டுவருவதற்கு முந்தின கதை. 1974 முதல் 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் 9 கோடிக்கு மேல் தட்டம்மை ஊசி ஒன்றே காத்தவை. என் அண்ணன் அந்தக் கணக்கில் வரவில்லை.

உங்கள் கடை வரிசையில் கைப்பிள்ளைகளும் உண்டு. தட்டம்மைக்காரர் இருமிவிட்டுப் போன அறையில் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் நிற்கும். நூற்றுக்கு 95 பிள்ளைகளாவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும்.

கைப்பிள்ளைக்காரிகளிடம் புதனன்று மட்டும் சாயங்காலம் கட்டு வாங்குங்கள். அந்த வாரம் எண்ணிக்கை குறைந்தால் இலையை நிறுத்தாதீர்கள். யாராவது பொய் சொல்லுவாளோ என்று சந்தேகமிருந்தால் ஊசி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தேதி போட்டிருக்கும். பாஸ்புக்கில் ஒரு பீடி விடாமல் கணக்கு எழுதுகிற உங்களுக்கு அதைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

இப்படிக்கு,
பீடி சுற்றிப் படிக்கவைத்தவளின் மகள்