ஓமந்தூரார் கண்காட்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

பிப்ரவரி 1, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பிறந்த நாள். அதையொட்டி எங்கள் வாசகர் வட்டம் வைத்த கண்காட்சி உங்கள் தயவில் நல்லபடியாக முடிந்தது. சென்னையில் ஓமந்தூரார் என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்கள். திண்டிவனம் பக்கம் வளரும் நம் பிள்ளைகளிலும் பலருக்கு அவ்வளவுதான் தெரியும். 1895-இல் பிறந்த ஒரு குடியானவர், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை பிரதமராக (இன்றைய முதல்வர் பதவிதான்) சென்னை மாகாணத்தையே ஆண்டார், சுதந்திரம் வந்த அன்று பொறுப்பில் இருந்தவர் அவர்தான் என்று சொல்லத்தான் இத்தனை பாடும்.

முதல் நன்றி, சேலத்துப் பக்கமிருந்து வந்த பெரியவருக்கு. ஐயா, மஞ்சள் பையிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்த இரண்டு காகிதங்கள் எங்கள் உழைப்பையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. ஒன்று, உங்கள் தாத்தா தன் நிலத்துக்காக மிட்டாதாருக்கு, அதாவது அந்தப் பக்கத்து ஜமீன்தாருக்கு, கிஸ்தி (நிலவரி) கட்டிய ரசீது. மடிப்பு விட்ட இடமெல்லாம் செல்லோடேப். இன்னொன்று, அதே நிலத்துக்கு அதே தாத்தா பெயரில் சர்க்கார் கொடுத்த பட்டா. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓமந்தூரார் ஆட்சியில் வந்த 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதை விளக்கி நாங்கள் எழுதிய அட்டையை யார் படித்தார்கள்? கூட்டமெல்லாம் உங்கள் காகிதங்களுக்கு முன்னால்தான். கூரியரை நம்பவில்லை, நேரிலேயே கொண்டுவந்து தருகிறோம்.

1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தின் அட்டைக்குப் பக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் படமும் இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து, படத்தையும் கொண்டுவந்த தமிழாசிரியை அம்மாவுக்கு நன்றி. அதற்காகப் பல வருஷம் போராடியவர் அவர், நியாயமான அடம்தான். 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது சரியா தப்பா என்று சண்டை போட்ட இரண்டு தாத்தாக்களுக்கும், சளைக்காமல் அவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்த கடைக்காரத் தம்பிக்கும் நன்றி. எங்களுக்கும் பொழுது போனது.

பதவியை விட்டபின் என்ன செய்தார் என்பதுதான் பிள்ளைகள் அதிகம் கேட்ட கேள்வி. வள்ளலார் வழியில் வடலூர் போய்ச் சேர்ந்ததையும், அங்கே குருகுலப் பள்ளி தொடங்கியதையும், 1970-இல் காலமானதையும் பொறுமையாகச் சொன்ன வடலூர் அன்பர்களே, நீங்கள் வராவிட்டால் நாங்கள் திணறியிருப்போம்.

அப்புறம், வாடகை வாங்காமல் டிராக்டர் விட்ட அண்ணன், பெஞ்சு தந்த தலைமையாசிரியர், கடனுக்கு ஃபிளெக்ஸ் அடித்த தம்பி (பாக்கி இந்த வாரம் வந்துவிடும்), எல்லாருக்கும் நன்றி.

அட்டைகள் நூலக மாடியில் இருக்கின்றன. எந்தப் பள்ளி கேட்டாலும் தருகிறோம். வண்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.