கடாரத்துக்கு ஆள் கூட்டி வருபவர்களுக்கு

சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், பஸ்ஸில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டே வரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் கெடாவிலிருந்து, அதாவது பழைய கடாரத்திலிருந்து, சுங்கை பட்டாணிக்காரன் எழுதுகிறேன். இங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் கூட்டம் கூட்டமாக வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போன முறை ஒரு குழுவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புக்கிட் பத்து பாஹாட் சண்டியை, அதாவது அங்கிருக்கும் பழங்காலக் கோயிலின் மிச்சத்தைக் காட்டி, "இது நம்ம ராஜேந்திர சோழன் கட்டினது" என்றார் ஒருவர். கைதட்டல். ஆளுக்கு நாலு படம். இருபது நிமிடத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

ராஜேந்திரனின் கப்பல் படை 1025-இல் கடாரத்தைத் தாக்கியது உண்மைதான், அவருடைய மெய்க்கீர்த்தியே (கல்வெட்டில் வரும் புகழுரை) சொல்கிறது. ஆனால் அது படையெடுப்பு. இந்தக் கோயிலை அவர் கட்டினார் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடையாது. அதற்கு முன்பு, அவருடைய அப்பா காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்பினார். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அடித்ததை மட்டும் மைக்கில் முழங்கிவிட்டு, கொடுத்ததை விட்டுவிடுவது என்ன நியாயம்?

சரி, அப்படியானால் அங்கே எதைச் சொல்வது? முதலில் கடலைச் சொல்லுங்கள். இன்று ஜெராய் மலையைச் சுற்றி வயலும் தோட்டமும் வீடுமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கடல் இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. கெடாவின் பழங்கதையான மெரோங் மஹாவங்சாவில் இந்த மலைக்குப் பேரே செராய் தீவு! கருடன், நபி சுலைமான், ரூம் நாட்டு இளவரசன் என்று கற்பனை கொடிகட்டிப் பறக்கும் கதை அது. ஆனாலும் மலை ஒரு காலத்தில் தண்ணீருக்கு நடுவே நின்ற ஞாபகம் அதற்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தூரத்துக் கப்பலுக்கு அந்த மலைதான் அடையாளம். கெடாவுக்குத் தெற்கே செபராங் பிறையில் கிடைத்த ஒரு கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாலுமி பயணம் நல்லபடியாக அமைய வேண்டிக்கொண்டது. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டு. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கரைக்கு ராஜா மட்டும் வரவில்லை, பயந்து பயந்து கடல் தாண்டியவனும் வந்திருக்கிறான்.

அப்புறம், ராஜா பெர்சியோங் கதை. பஸ்ஸில் குழந்தைகள் இருந்தால் இதை விடாதீர்கள். சமையல்காரி விரலை அறுத்துக்கொண்டாள், ரத்தம் கீரைக் குழம்பில் விழுந்தது, ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போனது. மனித ரத்தம் கேட்டுக் கேட்டுக் கோரைப்பல் முளைத்தது. கடைசியில் மக்கள் துரத்த, ஓடிய இடத்தில் பல்லைப் பிடுங்கி எறிந்தானாம். எறி என்பதற்கு மலாயில் பாலிங். அந்த ஊர்தான் இன்றைய பாலிங். எங்கள் தெருவில் மலாய்ப் பிள்ளைகளும் நாங்களும் இதைச் சொல்லித்தான் ஒருத்தரையொருத்தர் பயமுறுத்துவோம். கதையைக் கதை என்று சொல்லியே சொல்லலாம், சுவை குறையாது.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல் சுங்கை பத்துவுக்கும் வாருங்கள். இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சமும், காற்று ஊதிய களிமண் குழாய்களும், செங்கல் படகுத்துறையும் அங்கே இருக்கின்றன. கோயிலைப் போலக் கண்ணைப் பறிக்காது. ஆனால் இந்தத் துறைமுகத்தின் பிழைப்பில் பெரும் பங்கு அந்தப் புகையில்தான் இருந்தது.

இன்னொன்று. 2013-இல் வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தியபோது இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியே இடிபட்டுப் போனது. அதைப் பற்றிக் கேட்ட ஒரு குழுவைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. நீங்கள் கேளுங்கள், அருங்காட்சியகத்திலேயே கேளுங்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் அக்கறையோடு விசாரித்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்த தடவை அரை நாளாவது ஒதுக்கி வாருங்கள். சண்டிக்குப் பக்கத்து ஓடையில் பாறை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவன்