கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய் தடுப்பூசி – வரும் சனிக்கிழமை

தோவாளை வட்டார மாடு வளர்ப்போர் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 7 முதல் 10 மணி வரை, நம் பால் சொசைட்டி முற்றத்தில் கால்நடை மருத்துவர் புருசெல்லோசிஸ் எனும் கன்று வீச்சு (சினை கலையும்) நோய்க்கு இலவசமாக ஊசி போடுகிறார்.

1. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும். காளைக் கன்று, சினை மாடு கொண்டுவர வேண்டாம்.

2. ஆயுளுக்கு ஒரே ஊசி. 7 மாதம் முடிந்த கன்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

3. காதில் 12 இலக்க எண் உள்ள அடையாளத் தோடு இல்லையென்றால் முன்னதாகவே சொல்லுங்கள்.

4. கழிச்சல், காய்ச்சல் உள்ள கன்றை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. ஊசிக்குப் பின் லேசான காய்ச்சலோ வீக்கமோ வரலாம். பயப்பட வேண்டாம்.

இந்த நோய் வந்தால் மாடு 5 மாதத்துக்கு மேல் சினையில் கன்று வீசும், நஞ்சுக்கொடி தங்கும். நமக்கும் தொற்றும்: விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் இதற்கு ஆகாது, நாய் இழுத்துப் போனால் ஊரெல்லாம் பரவும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள், சீம்பாலும் அப்படித்தான்.

வியாழன் இரவுக்குள் பெயர், தெரு, கன்றின் வயது மூன்றையும் இங்கே பதிவிடுங்கள். அதை வைத்துத்தான் மருந்து எடுத்து வருவார்கள். குழுவில் இல்லாத பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.