ஆண்டிபட்டிக்கு அம்பாசிடர்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்தது. ரிட்டயர் ஆன கையோடு ஆண்டிபட்டிக்கே வந்துவிடுவது என்று நீயும் தங்கச்சியும் முடிவு செய்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பட்டறையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். நான் கல்லாவில் உட்கார்ந்து அவனைக் குறை சொல்வதோடு சரி. சாயங்காலம் பொழுது போகாவிட்டால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகத்துக்குப் போய்விடுகிறேன். நீ வந்ததும் உன்னையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

அப்பாவின் அம்பாசிடரை விற்காமல் ஊருக்குக் கொண்டுவரப் போகிறாய் என்பது நல்ல விஷயம். 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், இனி அப்படி ஒரு வண்டி கிடைக்காது. ஆனால் உன் மச்சான் சொல்லும் யோசனைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய பொலிரோவில் டோலியை (காரின் இரண்டு சக்கரத்தை மட்டும் ஏற்றி இழுக்கும் சின்ன டிரெய்லர்) மாட்டி, அம்பாசிடரின் முன் சக்கரம் இரண்டையும் அதில் ஏற்றிக் கட்டிவிட்டு, தாம்பரத்திலிருந்து இழுத்து வந்துவிடலாம் என்கிறாரே, 500 கிலோமீட்டரும் பின் சக்கரம் தரையில்தானே உருண்டு வரும்? அம்பாசிடருக்கு இழுவை பின் சக்கரத்தில், அதாவது இன்ஜின் சுற்றுவது பின் சக்கரத்தைத்தான். அது சுற்றினால் கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் நீளத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், சுற்றும், அது போய் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டைச் சுற்றும். நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கதைதான். இன்ஜின் ஓடாததால் அடியில் ஆயிலில் முங்கிக் கிடக்கும் கியர்கள் அசையாது. அவை சுற்றி வாரி அடித்தால்தான் மேலே ஆயில் போகும். மேலே இருக்கும் அந்த மெயின் ஷாஃப்ட் வறண்டே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருப் பட்டறை வரைக்கும் பரவாயில்லை. விழுப்புரம் தாண்டுவதற்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

உன் மருமகனிடம் இருக்கும் மாருதி 800 என்றால் பேச்சே வேறு. அதற்கு இழுவை முன் சக்கரத்தில். முன் பக்கத்தைத் தூக்கி டோலியில் வைத்துவிட்டால் பின்னால் உருளுவது சும்மா சக்கரம். எடையும் 650 கிலோ பக்கம்தான். டோலிக்கென்றே செய்த வண்டி மாதிரி. அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். டோலியையும் சேர்த்தால் பொலிரோவின் எடையை நெருங்கிவிடும். இழுக்கும் வண்டி கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். திருப்பிப் போட்டு அம்பாசிடரின் பின் பக்கத்தை டோலியில் ஏற்றலாமே என்று மச்சான் கேட்டால், கூடவே கூடாது என்று சொல். முன் சக்கரம் தரையில் இருந்தால் ஸ்டியரிங் அது இஷ்டத்துக்குத் திரும்பும்.

டோலிதான் என்று பிடிவாதமாக நின்றால், கிளம்பும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றுவதற்கு முன் கிரவுன் பக்கத்து ஃபிளாஞ்சில், அதாவது பின் ஆக்ஸிலோடு ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டில், இரண்டு பாதியையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல். மாட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். மாறினால் அப்புறம் வண்டி ஓடும்போது உதறும்.

போன சித்திரையில் திருச்சியிலிருந்து ஒருவர் இப்படித்தான் டோலியில் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தார். முன் சக்கர இழுவை வண்டி, சக்கரத்தை டோலியோடு பிணைக்கும் பெல்ட் எல்லாம் கச்சிதமாகக் கட்டியிருந்தார். ஹேண்ட்பிரேக்கை மட்டும் இறக்கவில்லை. முழுக்க இல்லை, இரண்டு பல் தூக்கி இருந்தது. மேலூர் வந்த பிறகுதான் வாடை அடித்ததாம். எங்கள் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினோம். டிரம் நீலம் பாய்ந்து, லைனிங் கருகி, பேரிங் கிரீஸ் உருகி டயரின் உள்பக்கம் முழுக்க வழிந்திருந்தது. முன்னால் ஓட்டியவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் இதில் ஆபத்து. பின்னால் வரும் வண்டியின் சத்தமும் சூடும் ஓட்டுபவருக்கு வந்து சேராது. இறங்கிக் கையை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. டோலியின் ஹப், காரின் பின் சக்கரம் எல்லாவற்றையும் நிற்கும் இடத்திலெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். பெல்ட்டும் அப்படியே. முதல் எட்டு பத்து கிலோமீட்டரில் டயர் அமுங்கி உட்கார்ந்து பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். ஒருமுறை நிறுத்தி இறுக்கினால்தான் நிம்மதி.

இன்னொன்று, டோலியோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது. எடுத்தால் நடுவில் மடங்கி பம்பர் போய்விடும். அதனால் டீக்கடை, பெட்ரோல் பங்க் எதுவானாலும் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடமாகப் பார்க்க வேண்டும். உங்கள் தெருமுனையில் திரும்பவே முடியாது, மெயின் ரோட்டிலேயே இறக்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முன்கூட்டியே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஆம்னி பஸ் உரசிப் போகிற காற்றில் பின்னால் வால் ஆட ஆரம்பித்தால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பதுதான் வழி. நம்மவர்கள் பதறிப் போய் பிரேக்கைத்தான் அழுத்துவார்கள்.

சட்டத்தையும் கேட்டிருந்தாய். 1989 சாலை விதிமுறைகளில், பழுதான வண்டியை இழுத்துப் போகும்போது மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. பின்னால் வரும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், அல்லது ஸ்டியரிங் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்றும் இருந்தது. 2017-ல் புது விதிமுறை வந்துவிட்டது, அதை ஆர்டிஓ ஆபீசில் ஒருமுறை கேட்டுக்கொள். அந்த 24 கணக்கில் வந்தால் தாம்பரத்திலிருந்து ஆண்டிபட்டிக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

என்னைக் கேட்டால் நாலு சக்கரத்தையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டு வரும் ரெக்கவரி லாரிதான். வாடகை கூடத்தான் ஆகும். ஆனால் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சுற்றாது, டயரும் தேயாது. சென்னையிலிருந்து காலியாகத் திரும்பும் லாரி கிடைத்தால் வாடகையும் குறையும். என் பழக்கத்தில் ஒருவர் இருக்கிறார், பேசிப் பார்க்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ரயிலில் வந்துவிடுங்கள். 2023 ஜூனிலிருந்து சென்னைக்கும் போடிக்கும் நேர் ரயில் ஓடுகிறது.

ஒரு வேலை மட்டும் செய். அம்பாசிடரின் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். ஐந்து டயரிலும் பார்த்து எழுதி அனுப்பு. லாரியில் வந்தாலும் ஊரில் ஓட்ட டயர் வேண்டுமே, இங்கே பழைய சைஸ் தேடிப் பிடிக்க நாளாகும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமர்
மதுரை