மார்ஷல் விலகியிருக்க வேண்டிய வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வர்ஜீனியாவில் 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, வாஷிங்டனின் படையில் வேலி ஃபோர்ஜ் முகாமின் குளிரைத் தாங்கி, கொஞ்ச காலமே சட்டம் பயின்று, 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்தவரின் வாழ்க்கையை அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் மார்பரி வழக்கைச் சொன்ன இடத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது.

1801 மார்ச் தொடக்கத்தில், பதவிக்காலம் முடியும் தறுவாயில் அதிபர் ஆடம்ஸ் பலரைச் சமாதான நீதிபதிகளாக (சிறு வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் நீதிபதிகளாக) நியமித்தார். அந்த ஆணைகளில் அரசு முத்திரை பதித்த வெளியுறவு அமைச்சர் வேறு யாருமல்ல, மார்ஷலேதான். ஒரு மாதத்துக்கு முன்பே தலைமை நீதிபதியாகப் பதவியேற்றிருந்தும், அமைச்சர் வேலையையும் சேர்த்தே கவனித்துவந்தார். சில ஆணைகளைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவருடைய தம்பி ஜேம்ஸுக்கு. எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியாமல் சிலவற்றை அவர் அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படி நியமிக்கப்பட்டவர்களில் ஒருவரான மார்பரிக்கும் அவருடைய ஆணை போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் ஜெஃபர்சன் அதை நிறுத்திவைக்க, மார்பரி வழக்குத் தொடுத்து, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே ஜேம்ஸின் பிரமாணப் பத்திரமும் சான்றாகத் தாக்கலானது.

அண்ணன் முத்திரையிட்டு, தம்பி சாட்சி சொன்ன வழக்கில் தீர்ப்பு எழுதியவரும் அண்ணனே! நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்பிரிவு ஒன்றை அரசமைப்புக்கு முரணானது என்று செல்லாததாக்கிய 1803 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. நம் நாட்டு நீதிமன்றங்களும் அதை எடுத்தாண்டிருக்கின்றன. ஆனால் அந்த வழக்கை அவர் விசாரித்திருக்கவே கூடாது. அக்காலத்தில் வழக்கிலிருந்து விலகும் பழக்கமே இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை ஏற்க முடியாது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் நிலங்களில் தன் குடும்பத்துக்குப் பங்கு இருந்ததால், அந்த நிலங்களைப் பற்றிய 1816 ஆம் ஆண்டு மார்ட்டின் வழக்கிலிருந்து இதே மார்ஷல் ஒதுங்கிக்கொண்டார். நீதிபதி ஸ்டோரிதான் தீர்ப்பெழுதினார்.

அடிமைகள் விஷயத்தையும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. மனிதர்களை விலைக்கு வாங்கி உடைமையாக வைத்திருந்தவர் அவர். அடிமை வணிகம் இயற்கை நீதிக்கு விரோதமானது என்று ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிவந்த ஆன்டெலோப் கப்பல் பற்றிய வழக்கில் 1825 இல் எழுதினார். அது நாடுகளுக்கிடையிலான சட்டத்துக்கு விரோதமல்ல என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். அந்தக் கப்பலிலிருந்த ஆப்பிரிக்கர்களில் ஒரு பகுதியினர் மறுபடியும் அடிமைகளாகவே போனார்கள். சிகாகோவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த சட்டக் கல்லூரி 2021 இல் அந்தப் பெயரை நீக்கியதும் இதனால்தான்.

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் பக்கம் நின்று ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் அவர்கள் மண்ணில் செல்லாது என்று அவர் சொன்ன 1832 ஆம் ஆண்டு வூஸ்டர் தீர்ப்பைக் கட்டுரை தொடவே இல்லை. அதற்கென்று அடுத்த இதழில் இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.