சுண்ணக்கல் வீடுகளுக்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊரில் நூறு ஆண்டுகளைக் கடந்த, நடு முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டப்பட்ட நாற்சார் வீடொன்றின் வெளிச்சுவர்களில் இருந்த பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, சென்ற மாதம் சீமெந்து பூசியிருக்கிறார்கள். வீட்டை இடிக்காமல் காக்க நினைத்த உரிமையாளரின் எண்ணம் நல்லதே. குறை சாந்தில்தான் இருக்கிறது என்பதை, நெடுங்காலம் கட்டடப் படவரைஞராக வேலை செய்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் மகளோடு தங்கியிருந்தபோது, கொட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடொன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்குள்ள கல்லும் நம்முடையதைப் போலச் சுண்ணக்கல்தான். நிறம் மட்டும் தேன் போன்றது. இரண்டடித் தடிப்புள்ள சுவர் உண்மையில் இரண்டு சுவர்களாகும். வெளிமுகத்துக்கு ஒன்றும் உள்முகத்துக்கு ஒன்றுமாக எழுப்பி, நடுவே துண்டுக் கற்களையும் சாந்தையும் நிரப்பி, இரண்டும் பிரிந்துவிடாதபடி முழுத் தடிப்புக்கும் நீளும் கற்களை இடையிடையே குறுக்கே வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். யன்னல்களுக்கு மேலே, மழைநீர் கண்ணாடியில் வழியாமல் விலகிச் சொட்டுவதற்காக ஒரு கல் விளிம்பு நீண்டிருக்கிறது.

கூரையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் கல்லே. ஒக்ஸ்போர்ட்ஷயரின் ஸ்ரோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில், நிலத்தடியில் வெட்டியெடுத்த கல்லை முற்காலத்தில் குளிர்கால வெட்டவெளியில் ஈரம் காயாமல் வைத்திருந்தார்கள். ஊறிய நீர் உறைந்து விரியும்போது கல் தகடு தகடாகப் பிளந்துவிடும். மிகப் பெரிய தகடுகளை இறவாரத்திலும், மேலே போகப் போகச் சிறியவற்றையும் அடுக்கி, மர ஆணிகளில் தொங்கவிடுவார்கள். தகடு நீரை உறிஞ்சக்கூடியது என்பதால், மழை தங்காது ஓடக் கூரை நல்ல செங்குத்தாக அமைந்திருக்கிறது.

இந்தக் கற்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் புகுந்த ஈரத்தைத் தன் வழியே வெளியே விட்டுவிடும். தேய வேண்டி வந்தால் சாந்து தேயும், கல் தப்பும். சீமெந்து இதற்கு நேர்மாறானது. அது ஈரத்தை அடைத்துவிடுவதால் நீர் கல்லின் வழியே வெளியேற முயன்று, கொண்டுவந்த உப்பை அங்கேயே படியவிட, கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. ஆங்கிலேயரும் 20ஆம் நூற்றாண்டில் இதே தவறைச் செய்தவர்கள்தாம். இன்று அந்தச் சீமெந்தைக் கவனமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும், பழைய கட்டடங்களைப் புதிதாக்காமல் பழுது மட்டும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்த, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொறிஸ் 1877இலேயே அங்கு ஒரு சங்கத்தைத் தொடக்கியிருந்தார்.

நம் முன்னோர் சுண்ணக்கல்லையும் பவளப்பாறையிலிருந்து கிடைக்கும் முருகைக்கல்லையும் அடுக்கி, நீற்றிய சுண்ணாம்பில் பனங்கட்டிக் கரைசல் சேர்த்துக் கட்டியவர்கள். உப்புக் காற்று வீசும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஈரம் வெளியேற வழி விடுவது இங்கிலாந்தைவிட அவசியமானது. சீமெந்து விரைவில் இறுகும். சுண்ணாம்புக்கோ நாட்கணக்கில் நீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். மூன்று கிழமை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து திருத்தவேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு அது ஒத்துவராது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் பூச்சு விழுந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசினால் செலவும் குறையும், வேலையும் குறையும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேசன்மார் ஒரு சிலர் இன்னும் இருக்கிறார்கள். நமது தொழில்நுட்பக் கல்லூரிகள் அவர்களை அழைத்து, மாணவர்களுக்குச் சாந்து குழைக்கவாவது கற்றுக்கொடுக்கலாம்.

மேலே சொன்ன வீட்டின் முற்றத்தைச் சுற்றியுள்ள உட்சுவர்கள் இன்னும் கொத்தப்படவில்லை என அறிகிறேன். உரிமையாளர் இக்கடிதத்தை வாசிக்க நேர்ந்தால், அவற்றையாவது அப்படியே விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வட்டுக்கோட்டை.