எரர் வந்தா நல்லம், மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன்ட மெயிலும், ஆர் (R) எண்ட புள்ளிவிவர நிரல்மொழியில எழுதின ஸ்கிரிப்டும் கிடைச்சது. இஞ்ச எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்யுது, வாவியில தண்ணி ஏறிக் கிடக்கு. ஆத்துவாய் வெட்டோணும் எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க.

அம்பாறைப் பக்கத்து நெல் விளைச்சல் பைல்களை லூப்பில ஒண்டுக்குப் பிறகு ஒண்டா ஓடவிட்டா பாதியில எரர் வந்து நிக்குது எண்டு சலிச்சிருந்தாய். நிக்கட்டும். எனக்குப் பயம் நிக்காம ஓடுறதிலதான். ஒரு பைல்ல விளைச்சல் நிரலுக்குள்ள யாரோ "25 மூடை" எண்டு எழுத்தோட சேர்த்து அடிச்சு வச்சிருக்காங்க, கண்டியா? அதை எண்ணா மாத்தச் சொன்னா ஆர் நிக்காது. என்ஏ (NA), அதாவது மதிப்பு இல்ல எண்டு ஆக்கிப்போட்டு, ஒரு வோர்னிங்கோட (எச்சரிக்கையோட) போயிடும். பிறகு நீ என்ஏவைத் தள்ளிப்போட்டுச் சராசரி எடுப்பாய். விடை அழகா வரும், அந்த வயல் மட்டும் கணக்கில இருக்காது. அந்த வோர்னிங்கும் உடனே வராது. ஓடி முடிஞ்ச பிறகுதான் காட்டும், அதுவும் முதல் 50ஐ மட்டும்தான் வச்சிருக்கும்.

அதனால பைலை வாசிச்ச கையோட சோதிச்சுப் பார், பிழை எண்டா நீயே ஸ்டொப் (stop) போட்டு எரரைக் கிளப்பு. செய்தியில "தவறான தரவு" எண்டு எழுதி ஒரு பிரயோசனமும் இல்ல. எந்தப் பைல், எத்தனையாம் நிரை, அதில என்ன கிடந்தது, மூண்டும் இருக்கோணும். எழுதிப் பழகுற காலத்தில ஆரிட ஒப்ஷன்ஸில வோர்ன் 2 (warn = 2) எண்டு வச்சா வோர்னிங் எல்லாம் எரரா மாறிடும். நான் அப்படித்தான் வச்சிருக்கன்.

எரரைப் பிடிக்கிறது லூப்புக்குள்ள, ஒரு பைலுக்கு ஒரு ட்ரைகெட்ச் (tryCatch, எரர் வந்தா பிடிக்கிற கட்டளை). எங்களோட வேலை செய்யிற தம்பி ஒருவன் எரரைப் பிடிச்சு, நல் (NULL), அதாவது ஒண்டுமில்ல எண்டு திருப்பிக் குடுத்திட்டுப் பேசாம விட்டுட்டான். நாலு ஊர்ப் பைல் காணாமப் போய், அறிக்கை மேலிடம் வரைக்கும் போயிட்டு. பிடிச்சா கண்டிஷன்மெசேஜால (conditionMessage) எரர்ச் செய்தியை எடுத்துப் பைல் பெயரோட ஒரு பட்டியல்ல போடு, கடைசியில அதைத்தான் முதல்ல திறந்து பார்.

இன்னுமொண்டு, பலபேர் விழுற குழி இது. ட்ரைகெட்சில வோர்னிங்கையும் பிடிச்சா, அந்தக் கணக்கு அந்த இடத்தோட கைவிடப்படும், மிச்ச வரிகள் ஓடாது. குறிச்சு வச்சிட்டுத் தொடரோணும் எண்டா வித்கோலிங்ஹேண்ட்லர்ஸ் (withCallingHandlers) பாவி. அது கணக்கை விட்டு வெளிய வராமலே வோர்னிங்கைக் கவனிக்க நீ எழுதின பங்ஷனைக் கூப்பிடும், அதுக்குள்ள நீ மஃபிள்வோர்னிங் (muffleWarning, வோர்னிங்கை அடக்கு) சொன்னா விட்ட இடத்திலிருந்து நடக்கும். லிஸ்ப் (Lisp) நிரல்மொழிக் குடும்பத்திலிருந்து வந்த வசதி, மற்ற மொழிகள் பலதில இல்ல. தரவுத்தளத்தை மூடுற வரியை மட்டும் ட்ரைகெட்சிட ஃபைனலியில (finally) வை, எரர் வந்தாலும் அது ஓடும்.

திருத்தின ஸ்கிரிப்ட் இதோட இணைச்சிருக்கன். "25 மூடை"யை நான் தொடல்ல. மூடை எத்தனை கிலோ எண்டு வயல்காரரிட்டக் கேட்டு நீயே போடு. பொங்கலுக்கு ஊருக்கு வாறியா எண்டும் எழுது, அம்மா கேட்டவ.

அன்புடன்,
உன்ட கல்லடி மச்சான்